பாதி வினைச்சொல்

நான்கு விரல் அகலம், அவ்வளவுதான்.
பெண்களுக்குத் தைக்கும் பேண்ட் பையில்
முழுசாக இறங்குகிற கடைசி போன் இதுதான்
என்றான் மனாமா கடைக்காரன்.
விற்பதற்காகச் சொன்னான். ஆனாலும் உண்மை.

உள்ளே இரண்டு சிம், பஹ்ரைனும் சவூதியும்.
மூன்றாவது ஊர் சிம்,
உறைக்கும் முதுகுக்கும் நடுவே
செலோடேப் போர்த்திப் படுத்திருக்கிறது.
வங்கி ஓடிபி வரும் நாளில் மட்டும் எழுப்புவேன்.

முஹர்ரக்கில் அறை, தம்மாமில் வேலை.
வாரம் இருமுறை பாலம்.
ஒன்பது மருத்துவமனை,
எழுபத்துச் சொச்சம் டயாலிசிஸ் இயந்திரம்.
வலக்கையில் கருவிப்பெட்டி, பதினோரு கிலோ.
மிச்சமிருப்பது இடக்கையின் கட்டைவிரல்.
அது இந்தத் திரையின் நான்கு மூலைக்கும் எட்டும்.

இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையில்
தலை போகாது.
கை போகும், கையோடு போனும் போகும்,
சீரியல் எண்ணைப் படமெடுத்துக்கொண்டு
தூசியோடு திரும்பும்.
சாப்பாட்டுத் தட்டு மாதிரி போன் வைத்திருக்கும் ஃபைசல்
'கொஞ்சம் குடுங்க' என்று என்னிடம்தான் வாங்குவான்.
திருப்பித் தரும்போது 'பொம்மை' என்பான்.

போன வியாழன், சுங்கத்துக்கு முந்தைய வரிசை.
ஷம்சீர் ஏசியைக் கூட்டிவிட்டு
முன்னால் நிற்கும் லாரியைத் திட்டிக்கொண்டிருந்தான்.
பை ஒருமுறை அதிர்ந்தது.

எச்.ஆர். ஜெபசிங் சார்.
ஆங்கிலத்தில் அதட்டுவார்,
நல்லது கெட்டது என்றால் தமிழுக்கு வந்துவிடுவார்.
பூட்டிய திரையில் தெரிந்தது இவ்வளவு:

'புஷ்பம் மேடம், உங்க காண்ட்ராக்ட்
அடுத்த வருஷமும் நீட்டிக்கப்பட…'

மூன்று புள்ளி.
அதற்கு மேல் இடமில்லை.

ஆங்கிலத்தில் அடித்திருந்தால்
'நாட்' நடுவழியிலேயே வந்து நின்றிருக்கும்.
நம் மொழி அப்படியில்லை.
வாக்கியம் முழுக்கத் தலையாட்டிக்கொண்டே கூட வந்து
வாசலில் கையை விரிக்கும்.

நீட்டிக்கப்படும்.
நீட்டிக்கப்படாது.
நீட்டிக்கப்பட்டால்,
நீட்டிக்கப்படவே.

தொட்டால் திறக்கும்.
கட்டைவிரலுக்கு எட்டாத இடமா அது?
தொடவில்லை.

கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு கை பாஸ்போர்ட் கேட்டது.
சுங்கக்காரன் போனைப் பார்த்துவிட்டு
ஷம்சீரிடம் அரபியில் ஏதோ கேட்டான்.
'குழந்தையோடதான்னு கேக்கறார்' என்றான் ஷம்சீர்.
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.
சில கேள்விகளுக்கு ஆமாம் போதும்.

பாலத்தின் நடுவில் ஒரு நாட்டின் கோடுகள்
ஒவ்வொன்றாக விழும்.
கொஞ்ச தூரம் யாருமே இல்லை,
இரண்டு பக்கமும் தண்ணீர்தான்.
பிறகு மற்ற நாடு நல்வரவு அனுப்பும்.
அந்த நல்வரவு வந்து
ஜெபசிங் சாரைத் திரைக்குக் கீழே தள்ளியது.

நான் கணக்குப் போட்டேன்.
பல்லாவரம் பிளாட்டுக்கு இன்னும் முப்பத்தொரு தவணை.
அறை வாடகையில் என் பங்கு.
தங்கைக்கு மறுபடி எழுத ஒரு பரீட்சை.
தீராமல் கிடக்கும் புத்தம்புது ஷாம்பு.
ஷாம்பு ஏன் கணக்கில் வந்ததென்று தெரியாது, வந்தது.

தம்மாமில் பதினாலாம் எண்
காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது.
உப்பளவு ஏறுகிறது, இறங்குகிறது.
அழுத்தும் முழங்காலில் பையிலிருந்த போன் உறுத்தவேயில்லை.
ஒரு சென்சார் மாற்றினேன்.
கத்தல் நின்றது.
அடுத்த கட்டிலில் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்,
ரத்தம் வெளியே ஒரு சுற்று போய்
வீடு திரும்பிக்கொண்டிருந்தது.

கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்து தொட்டேன்.

'நீட்டிக்கப்பட வாய்ப்பிருக்கான்னு
ரியாத்ல கேட்டிருக்கேன்.
ஞாயித்துக்கிழமை சொல்றேன்.'

சிரிப்பு வந்தது. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

பெரிய போனாக இருந்திருந்தால்
பாலத்திலேயே தெரிந்திருக்கும்,
எதுவும் தெரியவில்லை என்று.

'சரி சார்' அடித்தேன், ஒரு விரலால்.
மற்ற கை அதற்குள்
அடுத்த இயந்திரத்தின் மூடியைக் கழற்றத் தொடங்கியிருந்தது.