பத்து கிராம் குறைவு

அமாவாசை வற்றுக்கடல். முழங்கால் தண்ணீரில்
தலைவிளக்குகள் குனிந்து நடக்கின்றன.
பகலெல்லாம் மணலுக்குள் கிடப்பவை
இருட்டினால்தான் மேலே வரும்.
மடகாஸ்கரின் இந்தத் தென்மேற்கு ஓரத்தில்
அறுவடை என்றால் இரவு.

வேசோ மக்கள் இதை ஸங்கா என்கிறார்கள்.
தமிழில் கடல் அட்டை.
ஒருவர் ரத்தமும் உறிஞ்சியதில்லை,
ஆனாலும் அட்டை.

தராசடியில் நிரிசுவா.
மடியில் கோடு போட்ட நோட்டு, காதில் பென்சில்.
முந்நூற்றைம்பது கிராம் இருந்தால் வாளிக்கு,
இல்லையென்றால் திரும்ப வேலிக்குள்.
ஒன்று மிரண்டுபோய்த் தன் குடலையே
அவள் கைமேல் கக்கியது.
"போகட்டும், அதற்கு வேறு முளைக்கும்" என்றாள்,
கையைத் துடைக்காமல்.

விடிகிறபோது அது வந்தது.
கறுப்பில் வெளிர்ப் புள்ளிகள், பின்னோரத்தில் கொஞ்சம் சிவப்பு,
விரித்த கை அகலம்.
முள்காட்டை விட்டு இவ்வளவு தூரம் எதற்கு?
உப்புக்கு.
ஈர மணலில் சுருள் வாயை அவிழ்த்து
உறிஞ்சத் தொடங்கியது.

மணலை ஒன்று குடிக்கிறது, ஒன்று தின்கிறது,
அதோடு சரி என்றுதான் நினைத்தேன்.
பிறகு உறைத்தது.
இது புழுவாய் இலையில் ஊர்ந்து, பிறகு பறந்தது.
அது பொரிப்பகத் தொட்டியில்
கண்ணாடித் துணுக்காய் இரண்டு வாரம் மிதந்து திரிந்து,
பிறகு அடியில் இறங்கி ஊர்கிறது.
ஏணி ஒன்றுதான்.
ஏறியதைத் துணியில் அச்சடித்து உடுத்துகிறார்கள்.
இறங்கியதை அவித்து, காயவைத்து,
கப்பலில் ஏற்றுகிறார்கள்.

"லோலோ" என்றாள் பக்கத்து வாளிக்காரி ஹாவா,
குரலைத் தாழ்த்தி.
அங்கே பட்டாம்பூச்சிக்கும் ஆவிக்கும் ஒரே சொல்.
எல்லோரும் ஒரு கணம் கடலைப் பார்த்தார்கள்,
போன மாரியில் மருலாஹியின் தோணி போன பக்கம்.
நிரிசுவா பார்க்கவில்லை.
கடைசி அட்டையைத் தட்டில் வைத்தாள்.

லோலோ எழுந்து வந்து அதன்மேல் உட்கார்ந்தது.

மேட்டில் நின்ற லாரி ஹாரன் அடித்தது.
ஒருவரும் அசையவில்லை.
முள் நடுங்கி நின்றது.
"அவனையும் சேர்த்து முந்நூற்று நாற்பது" என்றாள்.
நோட்டில் எழுதினாள்: பத்து கிராம் குறைவு.

மறுபடி ஹாரன்.
பூச்சி தானாகப் போகும்வரை காத்திருந்து,
அட்டையை இரண்டு கையாலும் ஏந்திப்போய்
வேலிக்குள் விட்டாள்.
இன்னும் கொஞ்சநாள்
மணல் தின்னட்டும்.