கண்டதைச் சொல்

பதினொரு வருடம் பால் டேங்கர் ஓட்டியவன் நான்.
ஹாவிக்கிலிருந்து செல்கர்க் வரை
எந்த வளைவு எந்தக் கியரைக் கேட்கும் என்று
என் முழங்காலுக்குத் தெரியும்.
ஆம்புலன்ஸ் வேலைக்கு அது போதாதாம்.
"வாயால் ஓட்டு" என்றாள் லெயிட்லா,
என்னைவிட ஒன்பது வயது இளையவள்,
மடியில் குறிப்பேடு, பாதி கடித்த ஆப்பிள்.
"கண்டதைச் சொல். காணாததையும் சொல்.
இன்னும் வராததை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்."

கண்டதையும் பேசாதே என்று
அடக்கி வளர்த்த வீடு எங்களுடையது.
தொண்டையைச் செருமிக்கொண்டு
"சாலை" என்றேன்.
அரை மைல் கழித்து
"இன்னும் சாலைதான்" என்றேன்.
பின்னிருக்கையில் என்னோடு படிக்கும் இருவர்
ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள்.

கண் குதிரை, நாக்கு நொண்டி.
முன்னால் ஒரு சைக்கிள் என்று வாய் முடிக்கையில்
சைக்கிள் பின்கண்ணாடியில் சிறுத்துக்கொண்டிருந்தது.
"நீ சொல்வது வரலாறு" என்றாள்.
"எனக்குச் செய்திகூட வேண்டாம்.
வதந்தி வேண்டும்."

பார்த்தால், வழியெல்லாம் வதந்தி.
தாரில் ஈர மண்கட்டி: வளைவுக்கு அப்பால் டிராக்டர்.
ஆவி பறக்கும் லத்தி: குதிரை தூரம் போயிருக்காது.
குப்பைத் தொட்டிகள் வாசலில் கோணலாய்க் கிடந்தால்
லாரி எங்கோ முன்னால் நிற்கிறது.
நின்ற வேனுக்கு அடியில், அந்தப் பக்கம், இரண்டு பூட்ஸ்.
தந்திக் கம்பங்களை மட்டும் நம்பக்கூடாது;
அவை வயலில் இறங்கி நேரே போய்விடும்,
சாலை ஆற்றோடு திரும்பிவிடும்.

மூன்றாம் நாள் பேச்சு பிடிபட்டது.
பிறகு நிறுத்தத் தெரியவில்லை.
கடையில் ரொட்டி எடுக்கும்போது
"இடப்பக்கம் தள்ளுவண்டி, தள்ளுவது சிறுவன்,
எங்கேயும் திரும்பலாம்" என்றேன்.
பணம் வாங்கும் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

நான்காம் நாள், ஆஷ்கர்க் தாண்டி, தூறலில்:
"வலப்பக்கம் தனி வீடு. பகல் பதினொரு மணி.
மாடியில் திரை மூடியிருக்கிறது, விளக்கு எரிகிறது.
படியில் பிரிக்காத பார்சல்,
நேற்றைய மழையிலும் நனைந்தது."
லெயிட்லாவின் பென்சில் நின்றது.
"அது சாலைக்குத் தேவையில்லை."
"சரி."
துடைப்பான் இரண்டு முறை போய்வந்தது.
"ஆனால் பார்த்தாய்" என்றாள்.
ஏதோ எழுதினாள். காட்டவில்லை.

தேறினேன். மதிப்பெண் கேட்காதீர்கள்.

நவம்பர் இரவு, எட்ரிக் பள்ளத்தாக்கு.
குவாட் பைக் கவிழ்ந்து இடுப்பு முறிந்த
ஆட்டுப் பண்ணைக்காரர் டெல்ஃபர் பின்னால் கிடக்கிறார்,
தலைமாட்டில் ஷுனா.
படுத்திருப்பவருக்குச் சாலை கிடையாது.
கூரை உண்டு, குலுக்கல் உண்டு.
ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு சத்தம் போட்டார்,
அவருடைய ஆடுகள்கூட அப்படிக் கத்தியிருக்காது.

என்னைக் கேட்காமல் வாய் திறந்துகொண்டது.
"இடது வளைவு வருகிறது, வேகம் குறைக்கிறேன்.
பாலம். ஏறும்போது ஒரு தட்டு,
இறங்கும்போது ஒன்று. இதோ."
தட்டியது. சத்தம் வரவில்லை.
மூச்சைப் பிடித்துக்கொள்கிறார், நிறுத்தாதே
என்றாள் ஷுனா.
சொல்லிவிட்டு வரும் வலிக்கு
நாற்காலி போட்டு வைக்கிறார் போலும்.

ஒன்பது மைல் பேசினேன்.
மூடியின் நிழல், ஒட்டுப்போட்ட தார்,
முயல், பிறகு முயல் இல்லை.
அப்போது பின்னாலிருந்து கரகரத்த ஒரு குரல்,
கண் திறக்காமலே:
"அடுத்தது இரும்புக் கம்பிப் பாலம்,
மாடு தாண்டாமலிருக்கப் போட்டது.
என் மைத்துனன் போட்டது, அதனால் கோணல்.
நீ சொல்லவில்லையே."

நான் பார்த்திருக்கவில்லை.
பிரேக்கை மெதுவாக மிதித்தேன்.
விளக்கு வெளிச்சத்துக்குள்
கம்பிகள் ஒவ்வொன்றாய் எழுந்து வந்தன,
கோணலாக.

"வருகிறது" என்றேன்.
"தெரியும்" என்றார்.