திரும்பி வரும் அளவு

எட்டுத் தகடு, ஒவ்வொன்றும் மூன்று மில்லி.
பால் வற்றியதால் வெட்டிய
குலசேகரத்து ரப்பர் மரம்.
மார்த்தாண்டத்தில், மேம்பாலத்தை ஒட்டிய மாடியில்
பல் கிளினிக் ஒன்றின் வரவேற்பு மேசைக்குப்
பிறை வடிவில் ஒரு முகப்பு.
வளைவின் ஆழம் அறுநூற்று நாற்பது.

எட்டை எட்டால் பெருக்கினால் அறுபத்து நான்கு.
அறுநூற்று நாற்பதை அதனால் வகுத்தால் பத்து.
பத்து மில்லி நிமிரும் என்று
அச்சுப் பலகையில் பென்சிலால் எழுதி
பத்தைக் கூட்டியே அச்சைச் செதுக்கினேன்.

பசை தடவி, ஒரு முனையைப் பென்சிகர் பிடிக்க
மறுமுனையில் நான்.
இருபத்தாறு கிளாம்ப், நடுவிலிருந்து ஓரத்துக்கு.
கடைசி மூன்றை முறுக்கும்போது
மரம் ஒரு சத்தம் போட்டது.
உடையவில்லை.
சும்மா, இருக்கிறேன் என்றது.

ஐப்பசி மழை. தகரக் கூரை.
ஒரு நாள் போதும் என்பது பசை டப்பாவின் வாக்கு.
நான் மூன்று நாள் விட்டேன்.

கழற்றி அளந்தால் பதிமூன்று.

"கணக்கு தப்பிப்போச்சுல்லா" என்றான் பென்சிகர்.
தப்பவில்லை.
கணக்குக்குத் தெரிந்த மரம்
பசையின் தண்ணீரைக் குடித்து வீங்குவதில்லை,
பிறகு தன் பாட்டுக்கு வற்றுவதுமில்லை.
எந்தச் சரிவில் நின்றது,
கத்தி எந்தப் பக்கம் பட்டையில் இறங்கியது,
கணக்கு கேட்பதில்லை.

அடுத்த முகப்புக்குப் பதிமூன்று கூட்டினேன்.
அது பதினொன்றுதான் நிமிர்ந்தது.

மாடிக்குத் தூக்கிப்போய் வைத்துப் பார்த்தோம்.
இரண்டு ஓரமும் மேசையைக் கவ்வின,
நடுவில் இரண்டு மில்லி இருட்டு.
"ஒரு திருகு போட்டு இழுத்தா ஒட்டிரும்ணே."
ஒட்டும்.
ஒட்டிய பிறகும் இழுத்துக்கொண்டே இருக்கும்,
அந்தத் திருகு உறங்காது.

டாக்டர் ஷைனி கையுறையோடு வந்து குனிந்து பார்த்தார்.
நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன்,
அறுபத்து நான்கிலிருந்து.
பாதியிலேயே சிரித்துவிட்டார்.
"கம்பியக் கழட்டினா பல்லும் இதேதான்.
எவ்வளவு திரும்பும்னு
யாருக்கும் சரியாச் சொல்ல முடியாது.
ராத்திரி மட்டும் ஒரு தகடு மாட்டிக்கச் சொல்லுவேன்.
பிள்ளைங்க எங்க மாட்டுது."

திருகு போடவில்லை.
மழை முடிந்து தை வரட்டும், மறுபடி அளப்போம் என்றேன்.
பட்டறைக்கு வந்து
பத்து, பதிமூன்று, அவற்றின் கீழே பதினொன்று.
எதையும் அடிக்கவில்லை.

மீதிப் பணம் வாங்கப் போன அன்று
பள்ளிச் சீருடையில் ஒரு பெண்,
கீழ்வரிசை முழுக்கக் கம்பி,
அம்மா பில் கட்டி முடிக்கும்வரை
தன் சீட்டை அந்த இடுக்கில் செருகிப் பார்த்தாள்.
நின்றது.
எடுத்தாள், மறுபடி செருகினாள்.
அடுத்த வருகை இருபத்தெட்டாம் தேதி
என்ற வரி மட்டும்
வெளியே தெரிகிற மாதிரி.