ஒன்றரை அடித் தொட்டி

"எந்தத் தண்ணி?" என்றுதான் முதலில் கேட்டார் ஜமாலுதீன்.
செல்லூர், போர் தண்ணி.
வாளி விளிம்பில் வெள்ளையாய் உப்புக் கட்டும்.
"அப்ப டெட்ரா தாங்காது."

தங்கமீன் முன்னால் நின்றேன்.
"ஒரு சாண் வளருங்க.
உங்க தொட்டி அதுக்குப் பொட்டி."
ஏஞ்சல் சின்னதை முழுங்கிவிடுமாம்.
ஃபைட்டர் என்றால் ஒண்டியாகத்தான் வைக்கணும்.
"வீட்ல எத்தனை பேரு?"
நான் மட்டும்.
கையிலெடுத்த ஃபைட்டர் பாட்டிலைத் திரும்ப அடுக்கிவிட்டு
கப்பித் தொட்டியில் வலையை விட்டார்.
"உப்புத் தண்ணியிலயும் ஓடியாடும்.
ஜோடி போட்டா மாசம் முப்பது குஞ்சு.
ஆணா எடுத்துக்கங்க."

கல்பாலத்தில் ஷேர் ஆட்டோ நின்று நின்று போனது.
மடியில் பாலித்தீன் பை,
ஆரஞ்சும் நீலமுமாய் நாலு வால்.
கீழே வைகையில் ஆகாயத்தாமரை,
இரண்டு மாடு.

வீடு பார்க்க வந்த அன்று
கீழ்வீட்டம்மா மூன்று கேட்டார்:
என்ன ஆளுக,
மீன் எடுப்பீங்களா,
ஆம்பளைங்க யாராச்சும் வந்துபோவாங்களா.
மூன்றுக்கும் பொய் சொல்லித்தான் சாவி வாங்கினேன்.

இன்று படியேறும்போது கதவு திறந்திருந்தது.
"கையில என்ன, மீனா?"

ஆமாம் என்றேன்.
நாலும் ஆம்பளை.