தொண்ணூறா, நூறா

கழிப்பறைக்கு இரண்டு.
குளியல் தொட்டிக்குத் தசம் எட்டு.
குசினித் தொட்டிக்கும் அதே எட்டு.
முகம் கழுவும் பேசினுக்கு அரை.
ஒரு வீட்டுக்கு நான்கு தசம் ஒன்று;
நான்கு வீட்டுக்குப் பதினாறும் சொச்சமும்.
பதினாறும் பெற்ற குழாய் என்று
எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

லாங்கன்தாலில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் வரைபடம்
நான் வேலைசெய்யும் மேசைக்கே வந்திருந்தது.
ஐம்பது வருட வார்ப்பிரும்பைக் கழற்றிவிட்டுப்
புதுசு இறக்க வேண்டும்.

கூட்டிய எண்ணை அப்படியே எடுப்பதில்லை.
வர்க்கமூலம், அதிலும் பாதி.
நீ பல் துலக்கும்போது
மேல்வீட்டுக்காரன் உறங்குவான் என்பதுதான் சூத்திரம்.
மூலம் நான்கு, பாதி இரண்டு:
செக்கனுக்கு இரண்டு லீற்றர்.
தொண்ணூறு மில்லிமீற்றர் குழாய்
இரண்டு தசம் ஏழு தாங்கும்.
கணக்கு சரி. கோப்பை மூடலாம்.

மூடவில்லை.
போன தீபாவளி, விடியப்புறம் ஐந்து மணி.
முதல் மாடியில் தவநீதன் வீட்டில் ஐந்து தலை,
இரண்டாவதில் நாங்கள்,
மூன்றாவதில் கலாவதனியும் இரட்டைப் பையன்களும்.
எல்லாத் தலையிலும் நல்லெண்ணெய்.
எல்லாருக்கும் ஏழு மணிக்கு வேலை, பள்ளிக்கூடம்.
மூன்று தொட்டியும் ஒரே நிமிடத்தில் வாய் திறந்தன.

கீழ்த்தளத்தில் ஏஷ்லிமன் அம்மையார்
கண்ணாடி முன் நின்றிருக்க,
அவருடைய பேசின் தொண்டையைச் செருமியது.
வளைவில் நாற்றத்துக்குக் காவல் நின்ற
ஐந்து சென்ரிமீற்றர் தண்ணீர் கொப்பளித்து மேலே வர,
பின்னாலேயே சீயாக்காய் நுரை.
படியேறி வந்து கதவைத் தட்டினார்.
கோபமில்லை.
"இது என்ன மூலிகை?" என்றார்.

சூத்திரத்தில் இன்னுமோர் எண் இருக்கிறது.
வீடென்றால் அரை.
ஆஸ்பத்திரி, ஹோட்டல், பள்ளிக்கூடத்துக்குத் தசம் ஏழு:
அங்கே இருப்பவர்கள் மணியடித்தால் எழுகிறவர்கள்.
அரையை அழித்துவிட்டு ஏழைப் போட்டேன்.
இரண்டு தசம் எட்டு.
தொண்ணூறு தோற்றது, தசம் ஒன்றால்.

முதலாளி ட்சுர்புரூக் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"இது ஹோட்டலா?"
"வருடத்தில் ஒரு காலை."
நிலவறைக் குழாயின் சரிவையாவது கூட்டேன் என்றார்.
கூட்டினால் தண்ணீர் முந்தி ஓடிவிடும்,
மற்றது தங்கிவிடும் என்றேன்.
அது அவர் சொல்லித் தந்ததுதான். கையெழுத்துப் போட்டார்.

நூறு வந்தது.
சுவரின் பள்ளம் அதற்குப் போதாமல்
எங்கள் கூடத்துப் பக்கம் ஒரு விரல் பிதுங்கியது.
பூச்சுக்காரன் வந்து போயும் நிறம் சேரவில்லை.
இரவில் அந்தப் புடைப்பில் காதை வைத்தால்
மூன்றாம் மாடி இரட்டையர்கள்
இன்னும் தூங்கவில்லை என்று தெரிகிறது.