அறுபதுக்கும் நூற்றிருபதுக்கும் நடுவே

கையைப் பக்கவாட்டில் மெல்லத் தூக்கச் சொன்னார்
டாக்டர் கோமதிநாயகம்.
அறுபது டிகிரியில் தொடங்கியது.
தொண்ணூறில் பல்லைக் கடித்தேன்.
நூற்றிருபது தாண்டியதும்
ஒன்றுமே நடக்காதது மாதிரி வலி இறங்கிப்போனது,
டிக்கெட் எடுக்காமல் நழுவுகிறவனைப் போல.

‘என்ன வேலை பாக்கீங்க?’
வண்ணாரப்பேட்டை ரவுண்டானா, சார்.
பதினோரு வருஷமாக
அந்தத் தொண்ணூறில்தான் என் சம்பளம்.

ஆனித் தேரன்று பிடித்தது.
கூட்டத்தைத் தடுத்து நின்ற கை
ராத்திரி கொண்டை ஊசியை எடுக்க எழும்பவில்லை.
மறுநாள் இன்ஸ்பெக்டருக்கு அடித்த சல்யூட்
பாதியில் நின்றது.
‘என்ன முப்பிடாதி, மரியாதை குறையுது?’
பத்து நாள் அந்தக் கேள்விக்குத்தான் தைலம் தேய்த்தேன்.

எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தம்,
தோள்முனையில் மட்டும் சின்னதாய் ஒரு கொக்கி.
ஸ்கேன் அறையில் குளிர்ந்த பசை தடவி
ரஹ்மத் நிஷா டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்.
சாம்பல் நிறத்தில் எனக்குள் ஒரு பாலம்.
கீழே தசைநாண், கிழியவில்லை.
இடுக்கில் வீங்கிக் கிடந்தது நீர்ப்பை.
‘தூக்கும்போதெல்லாம் இது நசுங்குது, பாருங்க.’
உயரம் பார்க்காமல் வாழைத்தார் ஏற்றிய லாரி
பாலத்தில் உரசி மாட்டிக்கொள்வதை
நான் பார்க்காததா?

‘சுகர் உண்டா?’
உண்டு.
‘ரெண்டு மூணு நாள் ஏறும். பாத்துக்கிடுங்க.’

ஊசி திரைக்குள் வந்தது,
சாய்வாக, ஒரு வெள்ளைக் கோடு.
என் கையசைப்புக்குக் காத்திராமல்
என்னைக் கடந்த ஒரே வண்டி.

‘மரப்பு மருந்து போயிருக்கு. இப்போ தூக்குங்க.
வலி இல்லன்னா, இடம் இதுதான்.’
மருந்தே கேள்வி கேட்கும் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.

தூக்கினேன்.
அறுபது.
தொண்ணூறு.
யாரும் வரவில்லை.
திறந்த கதவுக்கு வெளியே டிராலி தள்ளிவந்த பையன்
என் உள்ளங்கையைப் பார்த்ததும்
பிரேக் போட்டு நின்றுவிட்டான்.

மரப்பு நாலு மணி நேரம்தான்,
மற்ற மருந்து வேலைசெய்ய நாளாகும் என்றார்கள்.
சொன்னபடியே ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தது வலி.
ஆனால் இப்போது அதன் விலாசம் எனக்குத் தெரியும்.

மூன்றாவது வாரம். விரல்களால்
சுவரில் ஏறிக்கொண்டிருக்கிறேன், பல்லி மாதிரி.
நேற்று காலண்டர் ஆணி வரை.
ரவுண்டானாவில் இப்போதைக்கு இடது கை.
வண்டிக்காரர்களுக்கு
ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.