பதினாறு சுண்டு

வலயத்திலிருந்து வந்த கடிதத்தில்
பிள்ளைக்கு எழுபத்தைந்து கிராம் அரிசி,
பதினெட்டுக் கிராம் பருப்பு.
உப்பைப் பற்றி ஒன்றும் இல்லை.

என்னிடம் இருப்பது ஒரு பால்பேணி.
வெட்டிய விளிம்பை அடித்து மழுக்கியது.
இடுப்பில் ஒரு நெளிவு.
எங்கே நெளிந்தது என்று யோகமலர் கேட்டதில்லை.
அவளுடைய கிடாரத்துக்கும் ஒரு நெளிவு உண்டு.

ஞாயிறு பின்னேரம்
செல்வச்சந்திரன் கடை மின்தராசை இரவல் வாங்கினோம்.
தட்டில் கருவாட்டு மணம்,
தேசிக்காய் போட்டு உரஞ்சியும் போகவில்லை.
முத்தையன்கட்டுப் பள்ளிக்கூடக் குசினியில்
பாயை விரித்து
அதிலிருந்து ஒவ்வொன்றாய் நிறுத்தோம்.

சீனி நூற்றுத்தொண்ணூற்றிரண்டு.
வறுத்து அரித்த மா நூற்றுப்பதின்மூன்று;
அதே பேணியை இரண்டு தரம் நிலத்தில் தட்டினால்
மா இறங்கிப்போய் இன்னும் கொண்டுவா என்கிறது,
நூற்றைம்பது வரை கொள்கிறது.
தேங்காய்ப்பூ எண்பது.
கீரையைப் போட்டதும் யோகமலர் சிரித்துவிட்டாள்:
ஆய்ந்த முளைக்கீரை ஒரு பேணி
இரண்டு தீப்பெட்டிப் பாரம்.

உப்புக்குப் பேணி வேண்டாம் என்றாள்.
கையால் மூன்று தரம் அள்ளித் தட்டில் போட்டாள்.
முப்பத்தொன்று.
முப்பத்தொன்று.
முப்பத்திரண்டு.
கடைசிக்குக் கை வியர்த்துவிட்டதாம்.

அரிசியில்தான் வில்லங்கம்.
மாசியில் வெட்டிக் குற்றிய கையோடு
நூற்றுத்தொண்ணூற்றேழு நின்ற பேணி
இப்போது நூற்றெண்பத்தெட்டில் நிற்கிறது.
பேணியும் அதே பேணி,
வயலும் அதே வயல்.
எந்த இலக்கத்தை எழுத?

திங்கட்கிழமை திவாகரன் சேர் வந்தார்,
தலைக்கவசத்தைக் கழற்றாமலே கொப்பியைப் புரட்டினார்.
"சுண்டெண்டு எழுதாதேங்கோ அக்கா,
மேலிடத்துக்கு விளங்காது."
பிறகு பேணியைப் பார்த்து,
"தலைதட்டியோ, குவிச்சோ?"

தலைதட்டி என்றேன்.

நாற்பது பிள்ளைக்கு மூவாயிரம் கிராம்.
தலைதட்டினால் பதினாறு சுண்டு,
எட்டுக் கிராம் மிஞ்சும்.
குவித்தால் சுண்டுக்கு இருபத்தெட்டுக் கூட.
பதினாறு குவியலும் சேர்ந்து
நானூற்று நாற்பத்தெட்டு.
ஆறு பிள்ளைச் சோற்றுக்கு
இரண்டு கிராம் குறைவு.

ஆறு பேர்.
பத்தரை மணிக்கு
அக்காமாரின் சட்டைத் தொங்கலைப் பிடித்தபடி
வாசலில் வந்து நிற்பவர்கள்.
இடாப்பில் ஏறுகிற வயதில்லை.
ஒருத்தி தேனுஜா, தானாகச் சொன்னாள்.
மற்றவர்களின் பெயரை நான் கேட்கவில்லை.
கேட்டால் எங்காவது எழுதவேண்டி வரும்.

போகும்போது சேர் ஒரு கோப்பை தந்தார்.
கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்,
பக்கத்தில் சிவப்புக் கோடுகள்,
கடைசிக் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் வெறுமை.
குவிக்கவே முடியாத சாமான்.
நல்ல மூடியாக ஒன்று தேடிப் பிடித்து
அதில் மிளகாய்த்தூள் போட்டு வைத்திருக்கிறோம்.

இருபது நாள் சமைத்து
மாதக் கடைசியில் சாக்கை நிறுத்தார்கள்.
எட்டுக் கிலோ தொளாயிரத்து அறுபது குறைந்தது.
படிவத்தில் அதற்கும் ஒரு கூடு உண்டு,
வித்தியாசத்துக்கான காரணம் என்று.
எலி என்று போடுவோம் என்றாள் யோகமலர்.
எலி என்றால் மருந்து அனுப்புவார்கள்,
மருந்துக்கு இன்னொரு படிவம் வரும்.
சிந்தினது என்று போட
எங்கள் கைகளுக்கு மனமில்லை.

ஈரம் என்று எழுதினேன்.

திவாகரன் சேர் பேனை மூடியைக் கடித்தபடி
கொஞ்சநேரம் அதையே பார்த்தார்.
வெளியே பிள்ளைகள் கோப்பை கழுவும் சத்தம்.
"இவ்வளவு ஈரமோ அக்கா, இந்த அரிசியிலை?"

குளத்தடி வயல் சேர், என்றேன்.